ஒரு செம்பு அடிக்கசடு

அத்தியாயம் 9

சீப்பி நாலாவில் அன்றைக்குப் பொழுது விடிந்ததே தேங்காய் எண்ணெய் வாசனையில்தான்.

வாசனை என்றால் ஏதோ சின்ன வாசனை என்று நினைத்துவிடாதீர்கள். மாயாபந்தரிலிருந்து டுங்கி ஏறி வருகிறவர்களுக்கு, படகு கழிமுகத்தில் நுழையும்போதே நாக்கில் நீர் ஊறியது. ஜெட்டியில் சோம்பிக் கிடந்த நாய்களெல்லாம் எங்கோ பந்தி போட்டுவிட்டார்கள் என்று எண்ணி வரிசையாக உட்கார்ந்துவிட்டன. கழியில் கிடக்கிற கிழட்டு முதலைகூட அன்று ஒரு நாள் சைவத்துக்கு மாறச் சம்மதித்ததாக டீக்கடையில் சத்தியம் செய்தார்கள்.

அத்தனை வாசனையும் ஐஸ் பிளான்ட்டுக்குப் பின்னால் இருந்த இன்ஜின் ரூமின் புகைக்குழாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்தக் குழாயடியில், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பிள்ளை பெற்றவளைப் பார்க்க வந்தவள் மாதிரி கவலையும் பெருமையுமாக நின்றாள் ஷோபனா.

கம்பமும் கம்பியும் எட்டாத இந்தக் கரையில் வெளிச்சம் என்றால் அவள் அப்பா திருநாவுக்கரசு வைத்துவிட்டுப் போன ஜெனரேட்டர்தான். அதற்கு டீசல் ஊற்றி ஓட்டும் காண்டிராக்ட், அப்பாவுக்குப் பிறகு தம்பி ஸ்ரீதருக்குப் போனது. போர்ட் பிளேரில் கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்த ஷோபனா ஒரு நாள் வேலையை உதறிவிட்டு வந்து கொப்பரைக் களத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டாள். தேங்காய் எண்ணெயைப் பக்குவப்படுத்தி, அதே இன்ஜினைக் கரும்புகை இல்லாமல் ஓட்டிக் காட்டுகிறேன் என்றாள். டீசல் கொண்டுவரும் பார்ஜுக்காக ஊரே கடலைப் பார்த்து நிற்க வேண்டாம் என்றாள்.

போர்ட் பிளேரில் பத்துபஸ்தி வீட்டை விட்டு அவள் புறப்பட்டபோது கணவன் நந்தகுமார் தடுக்கவில்லை. பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "தோத்துட்டு வா, கதவு திறந்துதான் இருக்கும்" என்றான். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

இன்று அவள் எண்ணெய்க்குத்தான் பரீட்சை. காலையிலிருந்து சாயங்காலக் கடலேற்றம் வரை இன்ஜின் நிற்காமல் ஓடினால் காண்டிராக்ட் அக்காவுக்கு. நடுவில் நின்றால் தம்பிக்கே. தீர்ப்புச் சொல்ல மாயாபந்தர் மின்சார ஆபீஸிலிருந்து பிஸ்வாஸ் சாப் வந்திருந்தார்.

பிஸ்வாஸ் சாப் தன் வெள்ளைக் கைக்குட்டையை உதறிப் புகைக்குழாய் வாயில் பிடித்தார். எடுத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஸ்ரீதரின் டீசல் ஓடும் நாளில் அப்படிப் பிடித்திருந்தால், அந்தக் கைக்குட்டையைப் பிழிந்து ஒரு பள்ளிக்கூடத்துக்கே மை கொடுத்திருக்கலாம்.

"ஏக்தம் சாஃப், மேடம், துளி அழுக்கில்லை!" என்றார் மகிழ்ந்துபோய். "பசிக்கத்தான் செய்யுது. வேற தொந்தரவு இல்லை."

ஷோபனாவுக்குப் பல வாரங்களுக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

டீசல் பீப்பாய்களின் வரிசையில் சாய்ந்து நின்ற ஸ்ரீதருக்கும் சிரிப்பு வந்தது. அவன் சிரிப்பு வேறு மாதிரி.

"அக்கா, பஜ்ஜி எப்ப போடுவே? சாப் வெயிட் பண்றாரு பாரு."

"உன் புகையில ஊரே இத்தனை வருஷம் இருமிச்சுடா. ஒரு நாள் பஜ்ஜி வாசனை பிடிச்சா யாரும் செத்துப் போயிட மாட்டாங்க."

"ஓடட்டும், ஓடட்டும். ஏற்றம் வர்றதுக்கு இன்னும் நேரம் கிடக்கு."

அவன் சொன்ன விதத்தில் ஏதோ ஒன்று இருந்தது. ஷோபனா அதைக் கவனித்தாள். ஆனால் அவள் காது இன்ஜின் சத்தத்தில் இருந்தது. இன்ஜினோ, அப்பா காலத்தில்கூட இப்படி ஓடியதில்லை என்கிற மாதிரி ஓடியது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அது ஒரு தரம் விக்கியது.

அப்புறம் இரண்டு விக்கல். அப்புறம் ஒரு நீண்ட பெருமூச்சு. அவ்வளவுதான்.

சத்தத்திலேயே பிறந்து சத்தத்திலேயே வளர்ந்த ஊர் அது. இன்ஜின் நின்றதும் தொட்டில் குழந்தைகள் வீறிட்டன. டீக்கடையில் யாரோ கூப்பாடு போட்டுப் பேசிக்கொண்டிருந்த ரகசியம் ஜெட்டி வரை கேட்டது. ஐஸ் பிளான்ட்டின் கம்ப்ரஸர், கேட்பாரில்லாமல், தானும் நின்றது.

ஷோபனா ஓடிப்போய் ஃபில்டரைக் கழற்றினாள். உள்ளே கறுப்பாக, கெட்டியாக, கரண்டி போட்டு எடுக்கிற பதத்தில் அல்வா அடைந்திருந்தது.

அவளுக்கு நம்ப முடியவில்லை. தன் எரிபொருளின் குணம் அவளுக்குத் தெரியும். டீசல், தலையில் வைக்கிற எண்ணெய் என்றால் இது சீயக்காய். பழைய டாங்கியின் சுவரில் ஒட்டிக் கிடக்கும் கசடையெல்லாம் உரித்துக்கொண்டு வந்து ஃபில்டரில் அப்பிவிடும். அதற்காகத்தானே நேற்று முழுக்க அந்த டாங்கியோடு மல்லுக்கு நின்றாள்? அடித்திருகைக் கழற்றி, அப்பா காலத்திலிருந்து படிந்த கசடைப் பக்கெட் பக்கெட்டாக வழித்து, உள்ளே தலையை விட்டுத் துடைத்து, தன் மூக்குத்தி தெரியும்வரை விடவில்லையே!

"க்யா ஹுவா, என்ன ஆச்சு?" என்றபடி பிஸ்வாஸ் சாப் எட்டிப் பார்த்தார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் ஸ்ரீதர் முன்னால் வந்தான். பேன்ட் பையில் கையை விட்டான். பிரிக்காத புது ஃபில்டர் ஒன்றை எடுத்தான். மாட்டினான். பழைய டாங்கியை விலக்கிவிட்டு, தன் பீப்பாயிலிருந்து நேராகக் குழாய் கொடுத்தான். இன்ஜின் ஒரு கும்பகர்ணக் கொட்டாவி விட்டு எழுந்தது. கொட்டாவியோடு புறப்பட்ட கரும்புகை ஜெட்டியைத் தாண்டி, கழியைத் தாண்டி, எதிர்க்கரைக் காட்டைக் கொஞ்ச நேரம் காணாமல் அடித்தது.

ஐஸ் பிளான்ட் பக்கத்திலிருந்து கைதட்டல் கேட்டது.

"பச் கயா, தப்பிச்சோம்," என்று பிஸ்வாஸ் சாப் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கைக்குட்டை இப்போது வெள்ளையாக இல்லை. "மேடம், நல்ல முயற்சி. வருத்தம்தான். ஆனா நான் பார்த்ததைத்தான் மேல சொல்ல முடியும். உங்க எண்ணெயில நின்னுது, டீசல்ல ஓடுது."

ஏற்றத்துக்கு டுங்கி பிடிக்க அவர் ஜெட்டிப் பக்கம் நடந்தார். இன்ஜின் ரூமில் அக்காவும் தம்பியும் மிஞ்சினார்கள்.

"எங்கேடா வாங்கினே அந்த ஃபில்டரை?"

"கடையிலதான். வேற எங்கே?"

"பையில வெச்சுக்கிட்டுச் சுத்துவியா தினமும்? வெத்தலைப் பெட்டி மாதிரி?"

"தொழில் பண்றவன் வெச்சிருப்பான். பாடம் எடுக்கிறவங்களுக்கு அது தெரியாது."

"டாங்கியில கசடை ஊத்தினது நீதானே?"

"நான் ஊத்தலை."

"அப்பாவுக்குக் கொள்ளி வெச்ச கை! அதே கையால என் பொழைப்புக்கும் வெச்சிருக்கே. நீ எல்லாம் ஒரு தம்பி!"

இன்ஜின் போட்ட கூச்சலையும் மீறி அது வெளியே கேட்டது. வாசலில் வேடிக்கை பார்த்தவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். ஸ்ரீதரின் முகம் வெளுத்தது.

"அம்மா மேல சத்தியமா நான் ஊத்தலை. போதுமா?"

அந்த நேரம் பார்த்துத்தான் அம்மா வந்தாள். செல்லம்மாளைக் கூப்பிடுகிறவர்கள் செல்லம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கையில் டிபன் கேரியர், மறு கையில் கோயில் குங்குமம், முகம் நிறையக் கல்யாணக் களை. நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. இன்ஜின் ஓடுகிற சத்தம் கேட்டது. மகள் ஜெயித்துவிட்டாள் என்று முடிவு கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"ஏண்டி ஷோபனா, ஓடுது பாத்தியா! நான் அப்பவே நினைச்சேன். லட்சுமி நின்னுட்டா!"

"என்னம்மா சொல்றே?"

"பின்னே? நேத்து வெள்ளிக்கிழமை. விளக்கு வைக்கிற நேரத்துல வந்து பாக்கிறேன், டாங்கி கழுவிக் கவுத்த அண்டா மாதிரி வெறும் வயித்தோட நிக்குது. அரிசிப் பானையை எவளாவது அடியோட வழிச்சுத் துடைப்பாளா? உப்பு ஜாடியைக் கவுப்பாளா? உங்கப்பா இருந்தவரைக்கும் அந்த டாங்கி அடியில யாரையாவது கை வைக்க விட்டிருக்காரா? ஒரு சாண் டீசலாவது கிடக்கணும், அதுதான் லட்சுமின்னு சொல்லுவாரு. நீ படிச்சவ, உனக்கு அதெல்லாம் எங்கே தெரியப் போகுது!"

ஷோபனா டாங்கியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ என்னம்மா செஞ்சே?"

"என்ன செய்வேன்? பக்கெட்டுல நீ வழிச்சு வெச்சிருந்தியே, அதுலேருந்து ஒரு செம்பு மொண்டு, மஞ்சளைக் கிள்ளிப் போட்டு, உன் பேரைச் சொல்லித் திருப்பி ஊத்திட்டேன். உன் தொழில் விருத்தியாகணும்னுதாண்டி. கற்பூரம் ஏத்தலாம்னு பாத்தேன். டீசலாச்சே, பயமாயிருந்துச்சு."

ஏற்றியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சீப்பி நாலா என்று ஒரு ஊர் இருந்தது என்று வரைபடத்தில்தான் காட்ட வேண்டியிருக்கும்.

ஷோபனாவுக்கு ஏசலாம் என்று நாக்கு எழுந்தது. அம்மாவின் கையிலிருந்த குங்குமத்தையும் அந்தச் சந்தோஷத்தையும் பார்த்ததும் அது தானாகவே மடங்கிக்கொண்டது. ஒன்று மட்டும் அவளுக்கு இடித்தது. டாங்கி சுவரில் உயரத்தில் இருக்கிறது. அதன் மூடி, ஆம்பிளைகளே தம் பிடித்துத் திருப்ப வேண்டிய மூடி.

"உனக்கு எப்படிம்மா எட்டுச்சு?"

"எனக்கெங்கே எட்டுது? இவன்தான் ஸ்டூல் போட்டு ஏறி மூடியைத் திறந்து கொடுத்தான். செம்பையும் இவன்தான் வாங்கிப் பிடிச்சுக்கிட்டான், கனமா இருந்துச்சுன்னு. சரிச்சது மட்டும் நான். அக்கா தொழிலுக்குத் தம்பி கை குடுக்கிறானேன்னு எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு."

ஸ்ரீதர் வாசலைப் பார்த்தான். வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். கூரையைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஊத்தலைன்னு சத்தியம் பண்ணினியே," என்றாள் ஷோபனா. "நல்ல சத்தியம்டா. ஒரு சொல்லுகூடப் பொய்யில்லை."

"அம்மா சாமி காரியமா வந்து நிக்கிறாங்க. வேண்டாம்னு சொல்லச் சொல்றியா?"

"வேண்டாம்னு சொல்ல வேணாம். எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. மறுபடி கழுவியிருப்பேனே!"

"நீ கேக்கலையே."

"ஃபில்டர் வாங்க மட்டும் ஞாபகம் வந்துச்சு."

அவன் சட்டென்று திரும்பினான். "ஆமா வந்துச்சு! இந்த இன்ஜினுக்கு அடியில படுத்து வளந்தவன் நான். கையைப் பாரு, நகத்துக்குள்ள போன கறுப்பு இந்த ஜென்மத்துல போகாது. நீ போர்ட் பிளேர்ல சாக்பீஸ் பிடிச்சுக்கிட்டு இருந்தே. இப்ப வந்து, தள்ளிக்கடா, நான் சுத்தமா ஓட்டறேன்னா? அப்ப நாங்க இத்தனை வருஷம் ஓட்டினது அழுக்கா?"

அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். டிபன் கேரியரைத் தரையில் வைத்தாள். என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே, மெதுவாக, முகத்திலிருந்து களை வடிந்தது. ஷோபனாவால் அதைத்தான் பார்க்க முடியவில்லை. விறுவிறுவென்று தன் கொட்டகைக்கு நடந்துவிட்டாள்.

கொட்டகையில் கேன்கள் வரிசையாக நின்றன. எல்லாம் நிறைந்து, இளநீர் நிறத்தில், யாருக்கும் வேண்டாதவையாக. அவள் பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். திறந்தே இருக்கும் என்று நந்தகுமார் சொன்ன கதவு கண் முன்னால் வந்து வந்து நின்றது. அவன் ஒன்றும் சொல்ல மாட்டான். காபி கலந்து கொடுப்பான். அந்தக் காபியை வாழ்நாள் முழுக்க விழுங்க வேண்டும்.

வெளியே கூச்சல் கேட்டது.

மீனவர் சங்கத்துக் கோவிந்தராஜ் ஜெட்டியிலிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தார். "பார்ஜ் வரலை! போர்ட் பிளேர்ல புயல் சிக்னல் ஏத்திட்டானாம். கப்பல் எல்லாம் பந்த்! ஸ்ரீதர், உன்கிட்ட ஸ்டாக் இருக்குல்ல?"

சாப் கண்ணில் படும்படி ஸ்ரீதர் நிறுத்தி வைத்திருந்த பீப்பாய் வரிசையைக் கோவிந்தராஜே போய்த் தட்டிப் பார்த்தார். முதல் பீப்பாய் கடம் வாசித்தது. இரண்டாவதும் கடம். மூன்றாவது கொஞ்சம் சுருதி குறைவு. இன்ஜினில் மாட்டியிருந்த ஒன்றைத் தவிர, வரிசையில் நின்ற அத்தனையும் ஒரு பெரிய கச்சேரிக்குப் போதுமான கடங்கள், டீசல்தான் இல்லை.

"அடப்பாவி! அதுவும் ராத்திரிக்குத் தாங்காதேய்யா! ஊரு மீன் முழுக்க ஐசுல கிடக்கு. சுறா, சூறை, எல்லாம். இன்ஜின் நின்னா நாளைக்குக் கழியில கொட்டித்தான் ஆகணும்!"

சற்று நேரத்தில் கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது. ஸ்ரீதர் நின்றான். செருப்பை வெளியிலேயே கழற்றியிருந்தான். அவன் அப்படிக் கழற்றுவது கோயிலிலும் ஆபீஸிலும்தான்.

"அக்கா."

"சொல்லு."

"எண்ணெய் வேணும்."

"எதுக்கு? பஜ்ஜி போடவா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சரியான அடிதான். ஆனால் அடித்தவளுக்கு அதில் ஒரு சொட்டு ருசி இல்லை.

"எனக்காகக் கேக்கலைக்கா. ஊரு மீன்."

"தெரியும். தர்றேன். நீ கேக்காட்டியும் கொண்டுவந்து ஊத்தத்தான் போறேன்." அவள் புடவைத் தலைப்பை மறுபடி செருகினாள். "ஆனா சாப் இன்னும் ஜெட்டியில இருக்காரு. நீ போய் அவருகிட்ட சொல்லு. மூடியைத் திறந்தது நான், செம்பைப் பிடிச்சது நான், கசடு கலந்ததாலதான் நின்னுதுன்னு சொல்லு. அம்மா பேரு வேண்டாம்."

"நீயே போய்ச் சொல்லேன்."

"தோத்தவ சொன்னா அது சாக்குடா. ஜெயிச்சவன் சொன்னாத்தான் சாட்சி."

ஸ்ரீதர் ஜெட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். கழியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. டுங்கிக்காரன் கூவிக் கூப்பிடுவது கேட்டது.

"சரி," என்றான். செருப்பைக்கூடப் போடாமல் நடந்தான். அவன் பின்னாலேயே அவன் மனைவி ப்ரியங்கா, மாமியார் அனுப்பியதாகச் சொல்லிக்கொண்டு, ஒரு குடையோடு ஓடினாள். மழை ஒன்றும் இல்லை.

ஷோபனா கேன்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய் இன்ஜின் ரூமில் வைத்தாள். அப்பாவின் டாங்கியை அவள் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. கேனிலிருந்து நேராகக் குழாயைக் கொடுத்தாள். இன்ஜின் ஒரு தரம் தயங்கியது. கரும்புகை சாம்பலானது, சாம்பல் வெளுத்தது, வெளுப்பும் கரைந்து போனது. கோவிந்தராஜ் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். அவர் கும்பிட்டது அவளையா இன்ஜினையா என்று அவருக்கே தெரியாது.

ஜன்னல் வழியாக ஜெட்டி முனை தெரிந்தது. ஸ்ரீதர் பிஸ்வாஸ் சாப்பின் எதிரில் நின்று பேசிக்கொண்டிருந்தான். கையை இன்ஜின் ரூம் பக்கம் நீட்டினான். நெஞ்சில் கை வைத்தான். சாப் கேட்டார். தலையை ஆட்டினார். பிறகு அவன் தோளில் தட்டிக் கொடுத்தார். படகில் ஏறி உட்கார்ந்தார். டுங்கி ஏற்றத்தில் வளைந்து, அலையாத்தி மரங்களுக்குப் பின்னால் போய்விட்டது.

தட்டிக் கொடுத்தாரே, எதற்கு? உண்மையைச் சொன்னதற்கா? அதற்கும் தட்டிக் கொடுப்பார்கள். மற்றதற்கும் தட்டிக் கொடுப்பார்கள்.

ஸ்ரீதர் திரும்பி வந்தான். இன்ஜின் ரூமுக்குள் வரவில்லை. வாசலோடு நின்றான்.

"சொல்லிட்டேன்."

"என்னடா சொன்னே?"

"சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்க்கா." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் வீட்டுப் பக்கம் போனான். தரையில் இருந்த டிபன் கேரியரைப் போகிற போக்கில் எடுத்துக்கொண்டான். அம்மா எப்போதோ போய்விட்டிருந்தாள்.

ப்ரியங்கா மட்டும் போகவில்லை. மடக்கிய குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இன்ஜின் சத்தத்தில் தன் குரல் வெளியே போகாது என்று நிச்சயம் பண்ணிக்கொண்டபின் பக்கத்தில் வந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாத்தனாரிடம் அவள் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை.

"அண்ணி, நான் கூடவேதான் நின்னேன். எல்லாத்தையும் கேட்டேன்."

ஷோபனா குழாயின் இணைப்பை இறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"என்ன சொன்னான்?"

ப்ரியங்கா உதட்டைக் கடித்தாள். கண்ணில் நீர் திரண்டிருந்தது. புகை என்று சொல்லிக்கொள்ள அங்கே புகை இல்லை.

"அண்ணி, அவரு சொன்னதைக் கேட்டப்புறம் என்னால இங்கே இருக்க முடியாது. நீங்க பத்துபஸ்திக்குத் திரும்பிப் போறப்ப, என்னையும் கூட்டிட்டுப் போயிடுவீங்களா?"

தேங்காய் எண்ணெய் வாசனை ஊர் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. ஷோபனா ஸ்பானரைக் கீழே வைத்தாள்.